பளபளக்கும் பக்கம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. திருநகரில் நான் ஏறிய டவுன் பஸ்ஸின் முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. எனக்கு முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"என் வீட்டுக்காரி என் டிவிடியையெல்லாம் மதிச்சுட்டா மாப்ள. அதான் கவலையா இருக்கு."

"எது, அந்தப் பழைய கார்ட்டூனா? ஒவ்வொன்னும் ஏழு நிமிசம் ஓடுமே, அதுவா?"

"அதேதான். பொம்மைப் படம்னு கேலி பண்ணாத, அம்புட்டும் பொக்கிஷம்னு பத்து வருசமா அவகிட்ட சண்டை போட்டேன்ல? நேத்து எல்லாத்தையும் பூசையில வச்சுட்டா."

"நல்லதுதான?"

"ஒவ்வொன்னையும் டப்பாவுல இருந்து எடுத்து, பளபளன்னு இருக்கிற பக்கமாப் பாத்து, சந்தனமும் குங்குமமும் வச்சிருக்கா. நூத்திப் பத்து டிஸ்க்கு."

"தொடைக்க வேண்டியதுதான?"

"காஞ்சு போச்சு. தொடைக்கத் தொடைக்கக் கீறல் விழுகுது. படத்துல பூனை எலிய வெரட்ட ஆரம்பிச்சா, தூக்குன கால் தூக்குனபடி நிக்குது."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பழங்காநத்தம் வந்தபிறகுதான் திரும்பினார்.

"ஒன்னுகூடவா தேறல?"

"ஒன்னே ஒன்னு நல்லா ஓடுது. அதுகளோட ஒரே அலமாரியில இருந்த எங்க கல்யாண டிவிடி. அதுக்கு மட்டும் பொட்டு வைக்கல."

"ஏனாம்?"

"கேட்டேன். 'அதைப் பொக்கிஷம்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே'ங்கிறா."