கடைசி வாய்

— அந்தத் தட்டு வேண்டாம் பாப்பா. விளிம்பு நெளிஞ்சது உங்கம்மாவோடது. என்னுதை எடு.

— சரிப்பா, இந்தாங்க உங்க தட்டு. இப்பவாவது உக்காருங்க. மணி ஏழேகால் ஆகுது.

— ஏழேகாலுக்கு யாருக்கும்மா பசிக்கும்? இப்பத்தானே இருட்டவே ஆரம்பிச்சிருக்கு. மூடி வை. பன்னெண்டு மணிக்கு நானே போட்டுக்கிறேன்.

— இன்னிக்கு உங்களுக்கு லீவு. பஸ் ஓட்டவும் வேண்டாம், கடைசி ட்ரிப்பும் இல்ல. எதுக்குப் பன்னெண்டு மணி?

— இருபத்தாறு வருஷமா அந்த நேரத்துக்குத்தானே வயிறு கேக்குது. லீவுன்னு அதுக்குத் தெரியுமா?

— காலையில உங்க ரத்தத்தை எடுத்துட்டுப் போயி லேப்ல நானே பார்த்தேன். வெறும் வயித்துல நூத்தி எம்பத்தாறு. அம்மாவுக்கும் ஆரம்பத்துல இவ்வளவுதான் இருந்துச்சு. அம்மா போயி நாப்பது நாள்கூட ஆகல. அதுக்குள்ள நீங்களும் ஆரம்பிக்காதீங்கப்பா.

— ரைட்டு, ரைட்டு. நாளையிலேர்ந்து டீயில சக்கரை கிடையாது. போதுமா?

— என்ன சாப்பிடுறீங்கங்கறது மட்டும் இல்லப்பா. எப்ப சாப்பிடுறீங்கன்னும் இருக்கு. உங்க பாஷையிலேயே சொல்றேன். ராத்திரி கடைசி பஸ் கிளம்பினப்புறம் நாப்பது பேர் ஸ்டாண்டுக்கு வந்தா என்ன ஆகும்?

— விடியற வரைக்கும் அங்கேயே கெடப்பாங்க. என்னைத் திட்டிக்கிட்டு.

— அதேதான். பொழுது சாஞ்சா உடம்பு வண்டியைக் குறைச்சுடும். நீங்க பன்னெண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, கையில ஈரம் காயறதுக்குள்ள படுத்துடுறீங்க. சக்கரையை ஏத்திக்கிட்டுப் போக வண்டி பத்தல. விடியற வரைக்கும் ரத்தத்துலயே நிக்குது.

— நல்லாத்தான் சொல்ற. கண்டக்டரா வந்திருக்கலாம் நீ.

— சிரிக்காதீங்க. காலை ட்யூட்டி கேளுங்க. உங்க சர்வீசுக்குக் கேட்டா குடுப்பாங்க.

— உங்கம்மாவும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா. காலையில கூட்டம் ஜாஸ்தி, எனக்கு இதுதான் பழக்கம்னு தட்டிக் கழிச்சுட்டேன்.

— இப்பக் கேளுங்க. இந்தாங்க, இது அம்மாவோட நோட்டு. பாதி காலியாத்தான் இருக்கு. இனிமே உங்களுக்கு இதுலயே எழுதப் போறேன். ஆஸ்பத்திரி டயட் மேடம் கட்டம் போட்டுக் குடுத்தது. முதல் வாய் எத்தனை மணிக்கு, கடைசி வாய் எத்தனை மணிக்கு, விளக்கை அணைச்சது எப்ப. அவ்வளவுதான்.

— அது என்ன கடைசி வாய்?

— அன்னிக்கு சாப்பிட்ட கடைசிக் கவளம். அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் வெறும் தண்ணிதான். அம்மா எவ்வளவு ஒழுங்கா இருந்தாங்க பாருங்க. ஏழரை, ஏழரை, ஏழு இருபத்தஞ்சு, ஏழரை. விளக்கு ஒன்பதரை. மூணு வருஷம், ஒரு நாள் தப்பல.

— இந்த ஏழரையைத்தான் கடைசி வாய்னு எழுதியிருக்கியா?

— ஆமா. இந்த மேஜையில, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில. பக்கத்துல உக்காந்து பார்த்துதானே எழுதினேன்.

— எல்லா நாளும் இதேதானா?

— பின்ன? எதுக்குக் கேக்குறீங்க?

— அது கடைசி வாய் இல்ல பாப்பா.

— என்னப்பா சொல்றீங்க?

— அவ கடைசி வாய் என்கூடத்தான். பன்னெண்டேகாலுக்கு.

— என்னிக்கு?

— நான் ட்யூட்டிக்குப் போன நாள் எல்லாம்.

— அப்பா...

— நான் வந்து செருப்பைக் கழட்டும்போதே, "வாங்க, பசி உயிர் போகுது"ம்பா. அவ சூடு பண்ணுவா, நான் தட்டு எடுத்து வைப்பேன். இந்த வீட்டுல நான் பார்த்த ஒரே வேலை அதுதான்.

— உங்களுக்குத் துணைக்குச் சும்மா உக்காந்திருப்பாங்க. ஒரு வாய் வெச்சிருப்பாங்க.

— எனக்குச் சரிக்குச் சமமா சாப்பிடுவா. அப்புறம் எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டுப் படுக்க ஒரு மணி ஆயிடும்.

— ஒன்பதரைக்கு என் பக்கத்துல படுத்தாங்களே. நான்தானே விளக்கை அணைச்சேன்.

— நீ படுத்தா இடி விழுந்தாலும் அசைய மாட்ட.

— அஞ்சு மணிக்கு எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்ப நல்ல தூக்கம்னு நாலு மணி நேரம்கூட இல்லையா? மூணு வருஷமா?

— ஒரே வீட்டுல ரெண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கா. எங்க டிப்போவுலகூட அப்படிப் போட மாட்டாங்க.

— ஏம்ப்பா? ஏன் என்கிட்ட சொல்லல?

— தனியா உக்கார வெச்சா நீ ரெண்டு வாயில எந்திரிச்சுப் போயிடுவ. உன் கல்யாணம் நின்னுபோன வருஷம் எலும்பும் தோலுமா ஆயிட்டியே, அது அவளுக்கு மறக்கல. உன்னைச் சாப்பிட வைக்கத்தான் உன்கூட உக்காந்திருப்பா.

— நான் அம்மாவைச் சாப்பிட வைக்கிறேன்னு நெனச்சுல்ல உக்காந்திருந்தேன்.

— எனக்கும் தனியா உக்காந்தா இறங்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

— டாக்டர் ஒவ்வொரு தடவையும் இந்த நோட்டைத்தான் புரட்டுவார். "நேரத்துக்குச் சாப்பிடுறாங்க, நேரத்துக்குப் படுக்குறாங்க, அப்புறம் ஏன் காலையில இருநூத்தம்பது?"ன்னு கேப்பார். மாத்திரையை ஏத்தினார். அப்புறம் ஊசி. ஊசியையும் ஏத்தினார். நோட்டுல தப்பே இல்ல சார்னு நான் அடிச்சுச் சொன்னேன். அம்மா பக்கத்துல உக்காந்து புடவை நுனியை முறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

— விடு பாப்பா. அவளுக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. யாருக்கு வேணாலும் வரும்னு டாக்டரே சொன்னார்ல.

— ஆறுதலுக்குச் சொல்றதுப்பா அது. சக்கரை வருஷக்கணக்கா இப்படி நின்னா நெஞ்சுக்கு எவ்வளவு கெடுதல்னு எனக்குத் தெரியாதா? ஊர் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறவ நான். பெத்தவ எப்ப சாப்பிடுறான்னு பார்க்கல. இது பூரா என் கையெழுத்துப்பா. நான் எழுதின பொய்யை நம்பித்தான் மருந்து குடுத்தாங்க. நான்தான் கொன்னுட்டேன்.

— அப்படிச் சொல்லாதம்மா.

— வேற எப்படிச் சொல்றது? ஒரு நாள் முழிச்சிருந்தா போதுமே, பாத்திரச் சத்தம் கேட்டிருக்கும். எட்டு மணிக்கு என் தட்டையும் அம்மா தட்டையும் கழுவி, ஜன்னல் பக்கம் கூடையில நான்தான் கவுத்து வைப்பேன். காலையில பார்த்தா வெச்ச இடத்துலயே இருக்கும். சாப்பாடு அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அம்மா ஏழரைக்கே என்கூடச் சாப்பிட்டாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது. அப்ப தப்பு யார்மேல? எழுதினவமேலதானே?

— நோட்டை இப்படிக் குடு. கிழிக்காத.

— எதுக்கு இனிமே இது?

— குடும்மா. அழாம நான் சொல்றதைக் கேளு. நாள் பூரா டிரைவர் சீட்டுக் கண்ணாடியிலயே ஜனங்களைப் பார்த்துட்டு வர்றவன் நான். ஒரு முகத்தை எதிர்ல வெச்சுப் பேசுறதுன்னா எனக்கு அந்த அரை மணி நேரம்தான். "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடல"ம்பா. நான் ரைட்டுன்னுடுவேன். கேட்டா அது நின்னுபோயிடும்னு, நான் கேக்கவே இல்ல.

— என்ன கேக்கல?

— தட்டு எடுத்து வைக்கிறது என் வேலைன்னு சொன்னேன்ல. என் தட்டு அலமாரியில இருக்கும் பாப்பா. அவளோட நெளிஞ்ச தட்டை மட்டும் தினமும் அந்தக் கூடையிலேர்ந்துதான் எடுப்பேன். உன் தட்டுக்குப் பக்கத்துல, கழுவிக் கவுத்திருக்கும்.