நாற்பத்தொன்றாம் தாள்

மாரிக்கனி: …இதுவும் முப்பதுதான். முப்பது கேள்வி, அம்புட்டுக்கும் 'ஒருபோதும் இல்லை', ஆளுக்கு ஒரு மார்க்கு.

முருகேஸ்வரி: இப்படி எத்தனையாவது தாளுக்கா?

மாரிக்கனி: முப்பத்தெட்டு. அறுபது பேருல முப்பத்தெட்டுப் பேருக்குக் கோபமே வராதாம். அழுகையும் வராதாம். மூணு வருசமா மழை இல்லாம ஊரே வயித்துல அடிச்சுக்குது, இவளுகளுக்கு ஒரு எரிச்சல்கூடக் கிடையாதாம். உங்க காலேசுல பொம்பளப் பிள்ளைக படிக்குதா, கல்லுச் சிலை படிக்குதா?

முருகேஸ்வரி: ரெண்டும் உண்டு.

மாரிக்கனி: இளிக்காத. மதுரையில புரபசரு பாத்தா, நீயே உக்காந்து டிக் போட்டியான்னுதான் கேப்பாரு. இந்த மனக்கவலை சர்வே கணக்கு சரியா இருந்தாத்தான் எனக்கு அங்க வேலை.

முருகேஸ்வரி: மூணரை பஸ்ஸுக்கு நேரமாச்சே…

மாரிக்கனி: தெரியுது. பேரு எழுத வேணாம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பெறகு யாருக்குப் பயப்படுறாளுக?

முருகேஸ்வரி: தாளெல்லாம் அடுக்கிட்டேன்க்கா, கட்டிரட்டா?

மாரிக்கனி: அந்த நாப்பத்தொண்ணாம் தாளைத் தள்ளி வையி. அதைச் சேக்கலை.

முருகேஸ்வரி: ஏன்? நூத்தம்பதுக்கு நூத்தி முப்பத்தெட்டு வந்திருக்கே. ஒருத்தியாச்சும் உண்மையை எழுதிருக்கா.

மாரிக்கனி: அந்த ஒரு தாளே சராசரியைக் கிட்டத்தட்ட ரெண்டு தூக்குது.

முருகேஸ்வரி: தூக்கட்டுமே. ஒரு தாளையும் விடக்கூடாதுன்னு நேத்து நீதான…

மாரிக்கனி: இன்னைக்கு விடுன்னா விடு.

முருகேஸ்வரி: அப்படி என்னதான் எழுதிருக்கு? குடு பாப்போம்.

மாரிக்கனி: தொடாத… பின்பக்கம் எழுதிருக்கா, கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து தூக்கம் இல்லையாம். தின்னதெல்லாம் வாந்தியா வருதாம். வீட்டுல மட்டும் சிரிச்சுக்கிட்டே திரியுறாளாம்.

முருகேஸ்வரி: …பாவம்.

மாரிக்கனி: என்னடி பாவம். விருதுநகர் மாப்பிள்ளை உனக்கு வேணாம்னா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நம்ம அய்யாட்ட நான் பேச மாட்டனா?

முருகேஸ்வரி: என்னக்கா சொல்ற?

மாரிக்கனி: கையெழுத்தைக் கோணலா எழுதிட்டா எனக்குத் தெரியாதாக்கும்? உன் தாளைக் கொண்டுபோயி ஊரான் மேசையில நான் வைக்கணுமா?

முருகேஸ்வரி: அது ஏந் தாளு இல்லக்கா.

மாரிக்கனி: பொய் சொல்லாத, முருகு.

முருகேஸ்வரி: சத்தியமா. நான் முப்பதுக்கும் 'ஒருபோதும் இல்லை'தான் போட்டேன்… கூட்டுறது நீன்னு தெரியும்ல.