இல்வா அடிக்க வேண்டிய ஆணி

அதெல்லாம் சரி ரூனே, சுத்தியல் உங்க பொறுப்புலதான் இருக்கு. காவலாளியா சேந்து ஒரு வாரம்கூட ஆகல, துறைத் தலைவர் ஸ்டாஃபன் குடுக்காதேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். ஆனா எதைத் தடுக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தடுங்க.

இங்க முனைவர் பட்டத்துக்கு எழுதினவங்க, வாய்மொழித் தேர்வுக்கு மூணு வாரம் முன்னாடி, ஆய்வேட்டுப் புத்தகத்தை இந்தப் பலகைல தன் கையால ஆணி அடிச்சு மாட்டணும். போறவங்க வர்றவங்க யார் வேணும்னாலும் புரட்டிப் பாத்துக் கேள்வி கேக்கலாம். என் மாணவி இல்வாவுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். இதை விட்டா அடுத்த வாய்ப்பு இலையுதிர் காலத்துலதான். அதுக்குள்ள அவ சம்பளம் நின்னுடும்.

அப்படி என்ன எழுதிட்டாளா? மென்பொருள்ல எங்க தப்பு வரும்னு முன்கூட்டியே சொல்ற ஒரு முறை இருக்கு. வருஷக்கணக்கா பாடத்துல இருக்கு, கம்பெனிங்களும் நம்புது. இவ நெசமான நிரல்கள்ல போட்டுப் பாத்தா. அதுவும் காசைச் சுண்டிப் பாக்கறதும் ஒண்ணுதான்னு வந்துச்சு. வந்ததை எழுதினா. அவ்வளவுதான்.

நீங்க குளிர்காலத்துல உறைஞ்ச ஏரில சறுக்கப் போவீங்கல்ல? முன்னால ஒருத்தர் கம்பால குத்திக்கிட்டே போவாரே. கம்பு பொசுக்குன்னு உள்ள எறங்கினா, நல்ல ஐஸைக் கெடுத்துட்டியேன்னு அவரை யாராவது திட்டுவாங்களா? பேசாம திரும்பி வருவாங்க, உசுரோட. எங்க தொழில்ல மட்டும் கம்பு புடிச்சவளைத்தான் அடிக்க வர்றாங்க. நேத்து காப்பி நேரத்துல எல்லார் முன்னாடியும் ஸ்டாஃபன், அந்தப் பொண்ணுக்கு இடிக்கத்தான் தெரியும், கட்டத் தெரியாதுன்னு சொல்லிச் சிரிக்கறார். உண்மையைச் சொல்ல நல்ல நேரம் பாக்கறவருக்கு ஆராய்ச்சி எதுக்கு?

ஏன் தள்ளிப்போடச் சொல்றாரா? அந்த முறையைக் கண்டுபிடிச்சவங்களுக்குப் பேராசிரியர் பதவி அடுத்த மாசம் முடிவாகுது. அதுவரைக்கும் பலகை காலியா இருக்கணுமாம். அப்படி வாங்கின நாற்காலில உக்காந்துக்கிட்டு, நேர்மையா ஆராய்ச்சி பண்ணுங்கன்னு பிள்ளைங்களுக்கு எந்த வாயால சொல்றது? நீங்களே சொல்லுங்க.

அதோ, இல்வா ஆணி அடிச்சதும் வெட்டறதுக்கு வாங்கின கேக்கை வெட்டாம வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சுத்தியை அவ கைலயே குடுங்க. ஸ்டாஃபன் கேட்டா, சிக்னேதான் குடுக்கச் சொன்னாங்கன்னு என் மேல பழியைப் போடுங்க, நான் பாத்துக்கறேன்.

யாரு, பதவி கெடைக்க வேண்டியவங்களா? நான்தான், ரூனே. அந்த முறையைக் கண்டுபிடிச்சதே நான்தான். கொஞ்சம் நீளமான ஆணியாப் பாருங்க, புத்தகம் தடிமன்.