அவளுக்காக நான் பேசினேன்

தேநீருக்கு நன்றி, மிஸ். இந்த மழைக்கு இதமாக இருக்கிறது.

அனுஷியாவைச் சிறு பிள்ளையாக ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கூட்டிவந்தது நான்தான். படிக்க வைப்பதாக அவள் அம்மா நல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன். பள்ளியில் சேர்க்கத்தான் நினைத்தேன். வீட்டு வேலை விடவில்லை. வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். டவுனில் பெண்பிள்ளைக்கு ஏது பாதுகாப்பு?

ஆரம்பத்தில் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தாள். வேலை ஓடவில்லை. அதனால் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னேன். சில நாள் சாப்பிடவில்லை, பிறகு அடங்கிவிட்டாள். நல்லம்மா தேடி வந்தபோது கேட்டிலேயே நிறுத்தி, "ஒங்க மக எவனோடயோ ஓடிட்டா" என்றேன். பாவம், அவள் என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

வளர்ந்த பிறகும் அவளுக்குக் கவனம் போதாது. பால் பொங்கி வழிந்த அன்று கையில் சூடு வைத்தேன். கோபத்தில் இல்லை, நினைவிருக்கட்டும் என்றுதான். புண் சீழ் பிடித்ததும் நானேதான் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு தாதி, சித்தி றலியா என்று பெயர், எதைக் கேட்டாலும் நான் பதில் சொன்னேன்.

"அவங்களே சொல்லட்டுமே" என்றாள் தாதி.

அனுஷியா என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததைத் தாதியும் பார்த்தாள்.

"மருந்து கட்டுற இடத்துக்கு நோயாளி மட்டுந்தான் வரலாம். நீங்க இங்க இருங்க" என்று திரையை இழுத்துவிட்டாள். உள்ளே தணிந்த குரலில், "பயப்பட வேணாம் மகள். உங்களக் கேக்காம நான் ஒண்டும் செய்ய மாட்டேன். வீட்டுக்குப் போக விருப்பமா?" என்றாள்.

நான் திரையோரம் நகர்ந்து காது கொடுத்தேன்.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள் அனுஷியா.

அவள் சம்மதித்த பிறகுதான் பொலிஸில் உங்களுக்கு அறிவித்தார்களாம். தோட்டத்தில் விசாரித்தால், நல்லம்மா போன மாதம்தான் இறந்திருக்கிறாள். நடக்க முடிந்தவரை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்து, போகிற வருகிற பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அதைச் சொன்னபோது தாதிதான் அனுஷியாவின் நல்ல கையைப் பிடித்திருந்தாளாம்.

"அப்போ இம்புட்டு நாளும் எங்கம்மா உசிரோட இருந்தாங்களா?" அவ்வளவுதான் கேட்டாளாம்.

பூட்டி வைத்தது, சூடு வைத்தது, தாயிடமும் மகளிடமும் பொய் சொன்னது, எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், மிஸ்: தாய் செத்த துக்கத்தை அவள் என் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாள். அந்த மட்டுக்கு நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.