ஞாபகம் இல்லை என்று சொல்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை, மேடம். காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். இங்கே உட்காருகிறவர்கள் ஏற்கெனவே கதிகலங்கித்தான் வருகிறார்கள், நாற்காலி வேறு ஆடவேண்டியதில்லை.

நான் வக்கீல் குமாஸ்தா. ஒரே வக்கீலிடம் முப்பத்தோரு வருஷம். யாரையாவது பிடித்துக்கொண்டு போய்விட்டால் வீட்டுக்காரர்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். வக்கீல் ஐயா கோர்ட்டில் இருப்பார், அவர்களுக்குப் பதில் சொல்வது நான்தான். எல்லோருக்கும் ஒரே பாடம். பெயரும் விலாசமும் சொல், அதற்குமேல் வாயைத் திறக்காதே. வக்கீல் வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சும்மா இரு. படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அன்பாகப் பேசுகிற அதிகாரியிடம் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இரு, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, தெரியாததை ஊகித்துச் சொல்லாதே. ஊகம் எழுத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் இறக்க முடியாது. இதைக் கேட்டு நடந்தவர்களில் பாதிப்பேர் அன்று சாயங்காலமே வீட்டில் இருந்தார்கள். அதில் சிலர் இருந்திருக்கக் கூடாது, அது வேறு கதை.

வக்கீல் வேண்டுமா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். ஊருக்கெல்லாம் சொன்னதை நானே மீறுகிறேன் என்று தெரிந்துதான் பேசுகிறேன். உள்ளே இருப்பவன் என் தம்பி. திங்கட்கிழமை அவனுக்குத் தண்டனை சொல்லப்போகிறார்கள். இன்று வெள்ளி.

தம்பி ஒரு சலவைக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். ஹோட்டல்களிலிருந்து அழுக்குத் துணி ஏற்றுவான், வெளுத்ததை இறக்குவான். பிள்ளைப்பூச்சி. சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும் அப்பா கேட்பதற்கு முன்னால் இவன் முகம் வெளுத்துவிடும். உடைத்தது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். வீட்டில் அவனும் அவன் மனைவியும் கீழே, நான் மாடியில். எனக்குக் குடும்பம் இல்லை, மூன்று வேளையும் கீழிருந்துதான் சாப்பாடு வரும். அந்தப் பெண் ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது.

நீங்கள் அவனைக் கைது செய்த அன்று ஒரே ஒரு போன் பேச அனுமதித்தீர்கள். எனக்குத்தான் பேசினான். ஐந்து நாள் காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது.

"அண்ணா, முந்தாநாள் மழையில என் வண்டி ஒரு அம்மாவை இடிச்சிருச்சாம். நான் எந்திரிக்கவே இல்லையே அண்ணா. இப்ப நான் என்ன சொல்லணும்?"

ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"பயப்படாதே. நான் பண்ணலைன்னு மட்டும் சொல்லாதே. ஞாபகம் இல்லைன்னு சொல்லு."

அவ்வளவுதான் சொன்னேன். கேட்பதற்கு நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். பண்ணவில்லை என்கிறவனிடம் நீங்கள் சாட்சி தேடவேண்டும், ஞாபகம் இல்லை என்கிறவனுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். முப்பத்தோரு வருஷத்தில் வேறு யாருக்கும் நான் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. மறுநாள் நேரில் வந்து மிச்சத்தையும் சொன்னேன். மறைக்காமல் பேசு, அதிகாரி நல்லவங்க, அவங்க என்ன கேட்டாலும் யோசித்து ஏதாவது சொல், எழுதிக்கொடுத்தால் கையெழுத்துப் போடு, வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவன் தலையாட்டினான். நான் சொல்லி அவன் கேட்காதது எதுவும் இல்லை.

வேனை ஓட்டியது நான். அதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

ஒரு வழக்குக் கட்டு பைண்டிங் கடையில் இருந்தது, மறுநாள் காலை கோர்ட்டுக்கு வேண்டும். மழை கொட்டுகிறது, ஒரு வண்டியும் நிற்கவில்லை. தம்பி எப்போதும் சாவியைத் தொலைப்பான் என்பதால் மாற்றுச் சாவி என் மேஜையில்தான் கிடக்கும். அவனை எழுப்பிக் கேட்கவில்லை, காய்ச்சல்காரனை ஏன் தொந்தரவு செய்யவேண்டும். வலது கண்ணில் புரை விழுந்ததால் என் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். தபால் ஆபீஸ் பின்பக்கத் திருப்பத்தில் அந்த அம்மா வலதுபுறமிருந்து வந்தார்.

இறங்கிப் பார்த்தேன். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருக்கிறவர். பதினொரு வருஷமாக எங்கள் பதிவுத் தபாலுக்கெல்லாம் முத்திரை குத்தியவர். நினைவு இருந்தது, கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்தேன், மேடம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் என்னைப் பார்த்து, "குமாஸ்தா சார்" என்றார். காரியத்தைக் கெடுத்தது அதுதான். அடையாளம் தெரியாமல் இருந்திருந்தால் நான் எல்லாம் செய்திருப்பேன். போனைப் பைக்குள் போட்டேன். அவருடைய குடையின் பிடி, வாத்துத் தலை மாதிரி மரத்தில் செய்தது, முறிந்து என் காலடியில் கிடந்தது. அதை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிஷம் அந்த மழையில் அவர் கிடந்திருக்கிறார். ஒரு கடைக்காரர் வேன் தாறுமாறாகத் திரும்பிப் போவதைப் பார்த்து நம்பரை மட்டும் குறித்திருக்கிறார், அந்த அம்மா கிடந்த இடம் அவர் கண்ணில் படவில்லை.

அப்புறம் கணக்காக யோசித்தேன். காயம்தானே, பிழைத்துக்கொள்வார். தம்பிக்கு முதல் குற்றம், ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம், நன்னடத்தையில் எட்டு மாதம். எனக்கு என்றால் லைசென்ஸ் இல்லை, சட்டம் தெரிந்தவன், தெரிந்தே விட்டுவிட்டுப் போனவன். நான் போய்விட்டால் அத்தனை வழக்கை யார் பார்ப்பது, வக்கீல் ஐயாவுக்கு எது எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவனுக்கு எட்டு மாதம் ஓய்வு மாதிரி. இது எனக்கு அன்றைக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

இடையில் ஒரு சிக்கல் இருந்தது. தம்பி மனைவி.

"மாமா, நான் அவர் பக்கத்துலயேதான் இருந்தேன். நெத்தியில துணி போட்டுக்கிட்டே இருந்தேன். ஸ்டேஷன்ல வந்து சொல்லட்டுமா?"

அவளுக்கு மட்டும் சரியான பாடத்தைச் சொன்னேன். நீ வாயைத் திறக்காதே, பெண்டாட்டி சாட்சியை யாரும் நம்பமாட்டார்கள், உன்னையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்று. அப்புறம் பதமாகக் கேட்டேன், இரண்டு ராத்திரி கண் விழித்திருக்கிறாயே அம்மா, அந்த நாலு மணிக்கு நீ ஒரு நிமிஷம்கூடக் கண்ணயரவில்லையா என்று. முதல் தடவை இல்லவே இல்லை என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோது யோசித்தாள். நாலாம் தடவை அழுதாள். தான் தூங்கியதால்தான் புருஷன் காய்ச்சல் மயக்கத்தில் எழுந்துபோய் வண்டியை எடுத்துவிட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். அன்று ராத்திரியும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள்.

சாட்சிகளைத் தயார் செய்வது எங்கள் தொழிலில் பாதி. கட்சிக்காரரை உட்காரவைத்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்போம், பார்த்ததைப் பார்த்த மாதிரியே சொல்லும் வரைக்கும். தம்பியையும் அப்படித்தான். வக்கீல் குமாஸ்தா என்பதால் உங்கள் ஆட்கள் என்னைத் தடுக்கவில்லை. ஆறு தடவை வந்தேன். சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் எழுந்து தெருக்கோடி வரை நடந்துபோனாயே, ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். அது நடந்ததுதான், பொய் இல்லை. அங்கிருந்து வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஒப்புதலுக்கு உயிர் கொடுப்பது செய்தவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் குடைப்பிடியையும் கொடுத்தேன். அவன் சொன்னான், நீங்கள் சாக்கடையைத் தூர்வாரினீர்கள், பிடி கிடைத்தது. எங்கள் வக்கீல் ஐயாவே, "உன் தம்பிதான் பண்ணியிருக்கான்ப்பா, ஒத்துக்கறதுதான் நல்லது" என்று என்னைத் தேற்றினார்.

அந்த அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், நினைவு திரும்பவில்லை. தினமும் போய் விசாரித்தேன். குற்றவாளியின் அண்ணனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவருடைய மகள் எனக்கு நாற்காலி போட்டாள். கண் விழித்தாரா என்று கேட்பேன். இல்லை என்பாள். படியிறங்கும்போது எனக்கு மூச்சு சீராகிவிடும். பத்தாம் நாள் அவர் படுக்கை காலியாக இருந்தது. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதோடு வழக்கின் தலைப்பே மாறிவிட்டது. எட்டு மாதம் என்பது பத்து வருஷம் வரை போகலாம் என்று ஆயிற்று. அன்றே நான் வந்து சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விட்டேன். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று நீங்கள் ஜெயிலுக்குப் போய் அவனிடம் ஒரு கேள்வி கேட்டீர்களாம். காய்ச்சல் மயக்கத்தில் வண்டி எடுத்தது மங்கலாக இருக்கிறது என்கிறாய், குடைப்பிடி மட்டும் எப்படித் துல்லியமாக ஞாபகம் வந்தது என்று. அவன் சூதுவாது இல்லாமல், "அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார்" என்றிருக்கிறான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் என்னை அழைத்துவந்தீர்கள்.

இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். ஓட்டியது நான், விட்டுவிட்டுப் போனது நான், தம்பி வாயில் வார்த்தையைப் போட்டது நான். எழுதுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அவனை விட்டுவிடுங்கள்.

ஆனால் சற்று முன்னால் நீங்கள் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். என்னைக் கைது செய்த விஷயத்தை அவனிடம் சொல்லி, ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொள் என்று கேட்டதற்கு இன்று காலை அவன் கொடுத்த பதில்.

"அண்ணன் எனக்காகப் பழியை ஏத்துக்கறார் மேடம். சின்ன வயசுலேர்ந்தே அவர் அப்படித்தான். ஓட்டினது நான்தான். அந்தம்மா கையை நீட்டி என் கணுக்காலைப் பிடிச்சாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு. நான் உதறிட்டு வந்துட்டேன்."

அவர் யார் காலையும் பிடிக்கவில்லை, மேடம். அதை நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அது அவனாகச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் படித்து முடித்ததும் அழுகை வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. நன்றாகச் சொல்லியிருக்கிறான், இனி எந்த வக்கீல் குறுக்கே கேட்டாலும் தடுமாற மாட்டான் என்றுதான் தோன்றியது.