ஓட்வாரின் பன்னிரண்டு ஆட்டங்கள்

…அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன். பிறந்தநாள் எண்டால் கேக்கை வெட்டினமா, கோப்பியைக் குடிச்சமா எண்டு இருக்கவேணும். படம் போட்டுக் காட்டச் சொல்லி ஆர் அவளைக் கேட்டது? இருங்கோ, இருங்கோ, அந்தப் பையை அங்காலை தள்ளிப்போட்டு இருங்கோ. கட்லட். அறுபது. நசிச்சுப்போடாதையுங்கோ. இந்த ரெயினிலை எங்கை இறங்கிறியள்? குரோருட்டோ? அப்ப இன்னும் கனதூரம் கிடக்கு.

நீங்கள் "ஆமாங்க" எண்டேக்கையே விளங்கிட்டுது, இந்தியா எண்டு. நாங்கள் "ஓம்" எண்டுவம். கம்பியூட்டர் வேலையோ? நினைச்சனான்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தனான்? ஹன்னா. ஓட்வாரின்ரை மகள். ஓட்வார் எண்டால் எங்கடை கிழவர். நான் ரொம்மன் பக்கத்திலை ஒரு வயோதிபர் இல்லத்திலை வேலை, பதினெட்டு வருசம். அதிலை என்ரை பகுதியிலை இருக்கிற ஆள். இண்டைக்குத் தொண்ணூற்றைஞ்சு. இந்த மனுசன் இருபத்தொரு வயதிலை அமெரிக்காவிலை ஒரு பந்தாட்ட ரீமிலை விளையாடினவராம். அதுவும் சம்பளத்துக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொண்டு. ஹார்வெல் பீவர்ஸ் எண்டு ரீமுக்குப் பேர். பீவர் எண்டால் மரத்தை அரிக்கிற ஒரு பிராணியாம். உந்தப் பேரை வைச்சால் எப்பிடி வெல்லுறது, சொல்லுங்கோ பாப்பம்!

அது கால்பந்தாம். பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு ஓடுறாங்கள், பிறகு ஒருத்தனுக்கு மேலை பதினைஞ்சு பேர் விழுந்து படுக்கிறாங்கள். முழு ரீமிலையும் காலாலை அடிக்கிற ஆள் எங்கடை ஓட்வார் ஒராள்தான். ரெண்டு கம்பத்துக்கு நடுவாலை அடிச்சால் மூண்டு புள்ளி. அவைக்குப் பயிற்சி குடுத்தவரே பஸ்ஸும் ஓட்டினவராம். அந்த வருசம் பன்ரண்டு ஆட்டம். பன்ரண்டும் தோல்வி. ஒண்டு கூட வெல்லேல்லை தம்பி! மாரி முடிய ரீமையே கலைச்சுப்போட்டாங்கள்.

அதை எனக்கு ஏன் சொல்லவேணும்? நான் சாப்பாட்டுத் தட்டோடை போனால் போதும், "நேசமணி, இரு" எண்டுவார். திங்கள் முதலாம் ஆட்டம், முப்பத்துநாலுக்குச் சைபர். செவ்வாய் ரெண்டாம் ஆட்டம், சேறு. இப்பிடியே போய்ப் பன்ரண்டாவது முடிய, திரும்ப முதலாவது. ஆறு வருசமாத் தோத்துக்கொண்டே இருக்கிறம்! எனக்கு வீட்டிலையும் உதுதான். என்ரை மனுசன் கிளெமென்ற் தீவுப்பக்கத்து வொலிபோல்காரன், முழங்கால் ரெண்டும் போட்டுது, ஆனாலும் ஒவ்வொரு கோடைக்கும் தமிழாக்களின்ரை போட்டி எண்டு என்னையும் இழுத்துக்கொண்டுபோய் வெய்யிலுக்கை இருத்திறார்.

இந்தா, போன் திரும்ப அடிக்குது. ஹன்னாதான். அடிக்கட்டும்.

போன வருசம் கிழவருக்கு மறதி தொடங்கிச்சுது. சாப்பாடு இறங்கேல்லை. ரெண்டு நாளாத் தண்ணிதான். நாலாம் ஆட்டம் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவிலை நிண்டுட்டார். சுவரைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். "நேசமணி, இதிலை ஆர் வெண்டது?" எண்டு கேட்டார். "நீங்கள்தான்" எண்டன். "எத்தினைக்கு எத்தினை?" எண்டார். "இருபத்தைஞ்சுக்கு இருபத்திரண்டு" எண்டு வாயிலை வந்ததைச் சொன்னன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கொண்டிருந்தார். பிறகு மண்ணிறச் சீஸ் வைச்சு ரெண்டு துண்டு பாண் சாப்பிட்டார். ரெண்டு துண்டு!

அடுத்தநாள் அஞ்சாம் ஆட்டம். "ஆர் வெண்டது?" எண்டு அவரே கேட்டார். பிறகென்ன, வெல்லத் தொடங்கினா நிப்பாட்டேலுமோ? பதினொரு ஆட்டம் வெண்டு குடுத்தன். பன்ரண்டாவதை மட்டும் நான் தொடேல்லை. அது அவருக்கு மறக்காது. பத்துக்கு ஒன்பது, கடைசி நிமிசம், இவர் அடிக்கிறார், பந்து கம்பத்திலை பட்டுத் திரும்புது. அதைச் சொல்லேக்கை கால் விரல் போர்வைக்குள்ளை ஆடும்.

பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொன்னனான். "எத்தினை பொய், மகள்?" எண்டார். "பதினொரு ஆட்டம், பாதர்" எண்டன். பிறகு, "எதிர் ரீமிலை ஆரும் பாதிக்கப்பட்டவையோ?" எண்டு கேட்டார். எல்லாரும் செத்திருப்பினம் எண்டன். மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

எங்கை முடிஞ்சுது? ஹன்னா வந்து, "அப்பாவின்ரை ஆட்டமெல்லாம் உனக்குத்தானாம் தெரியும், பிறந்தநாளுக்கு ஒரு லிஸ்ட் எழுதித் தா" எண்டாள். எழுதிக் குடுத்தன். என்ரை கையெழுத்திலை. ஓம், பன்ரண்டாவதையும் வெண்டதாத்தான் எழுதினனான்! பிறந்தநாள் சுவரிலை ஒரு தோல்வி மட்டும் தொங்கினால் வடிவாவோ இருக்கும்? அவள் அதைப் பெரிசா அடிச்சுச் சுவர் முழுக்க ஒட்டிப்போட்டாள். பேப்பர்காரனையும் கூப்பிட்டிட்டாள். அதோடை விட்டாளோ? அமெரிக்காவிலையிருந்து ஓட்வாரின்ரை மாமன்ரை பேரனும் வந்திருக்கிறான். நேற்று அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவன் என்னட்டை வந்து நல்ல மரியாதையாக் கேட்டான், "பன்ரண்டு ஆட்டத்திலையும் சரியா இருபத்தைஞ்சு புள்ளியோ?" எண்டு.

எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச விளையாட்டு வொலிபோல் ஒண்டுதான். அதிலை இருபத்தைஞ்சு வந்தால் வெற்றி! உலகத்திலை எல்லாப் பந்துக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. அவன் பழைய படச்சுருள் ஒண்டு கொண்டந்திருக்கிறான். பன்ரண்டாம் ஆட்டம். சரியா ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் முன்னாலை போடுகினம். கிழவர் பாக்கப்போறார், தன்ரை பந்து கம்பத்திலை படுறதை. மற்றவை சுவரைப் பாப்பினம். பிறகு என்னைப் பாப்பினம். என்னைப் பேசட்டும், வேலையாலை நிப்பாட்டட்டும். அந்த மனுசன் திரும்பச் சாப்பாட்டை விட்டால்? எனக்கு அவரிலை சரியான விருப்பம் தம்பி. என்ரை அப்பா சாகேக்கை நான் பக்கத்திலை இல்லை. இவருக்காவது…

சரி விடுங்கோ. இந்த ரெயினும் ஊருது.

என்ன? ஓம், என்ரை வீடும் குரோருட்டிலைதான். வேலை ரொம்மனிலை. ஓம், ரெண்டு ஸ்ரேசன்தான். பிறகேன் நடு நகரத்தாலை சுத்தி வாறன் எண்டோ? கெட்டிக்காரன். உதைக் கேட்டிருக்கப்படாது… பன்ரண்டு மணிக்கு ஏறினனான். ரொம்மன் வந்தது, கதவு திறந்தது, கால் எழும்பேல்லை. கடைசி ஸ்ரேசன் வெஸ்ட்லி வரைக்கும் போய், திரும்பி, நகரத்துக்குப் போய், இப்ப வாறது ரெண்டாந்தரம். கட்லட்டும் ஆறிப்போச்சு.

இது ரொம்மன். பாருங்கோ, எங்கடை இல்லத்திலை கட்டின பலூன் கூட இஞ்சையிருந்து தெரியுது… பூட்டட்டும். கதவு பூட்டட்டும்.

தம்பி! உங்கடை குரோருட் எப்பவோ போட்டுதே! ஏன் இறங்கேல்லை? கதை கேட்டோ? நல்ல பிள்ளை. இனி வெஸ்ட்லி வரை வாருங்கோ, அது கடைசி. அங்கை நிண்டு திரும்பும்.

ஐயோ, திரும்ப அடிக்குது. எடுக்கட்டோ? எடுக்கச் சொல்லுறியளோ? மாதாவே… ஹலோ. ஓம், ஹன்னா. ரெயினிலை. இல்லை, சுகமாத்தான் இருக்கிறன். போட்டாச்சோ படம்? ஆர், ஓட்வாரோ? எல்லாருக்கும் கேக்கிற மாதிரியோ வைச்சிருக்கிறாய்?… ஓம் ஓட்வார், நேசமணிதான். பாத்தியளோ… கம்பத்திலை. ஓம்… ஆர் வெண்டது எண்டோ?…

தோத்தம், ஓட்வார். பத்துக்கு ஒன்பது. பன்ரண்டும் தோத்தம். நான்தான் பொய் சொன்னனான்… என்ன?… பதினாறு. பதினாறுதான், சரியாத்தான் எண்ணினனான்… ஓம். வாறன்.

வைச்சிட்டார்.

என்ன கேட்டவர் எண்டோ? "அப்ப ஒன்பதிலையிருந்து இருபத்தைஞ்சுக்கு இன்னும் எத்தினை வேணும், நேசமணி?" எண்டு கேட்டார். பின்னாலை முழு மண்டபமும் சிரிக்குது. விளங்குதோ தம்பி? அவருக்குத் தெரியும்! அந்த நாலாம் ஆட்டத்தண்டே தெரியும்! ஒரு வருசமா என்ரை வொலிபோலைக் கேட்டுக் கேட்டுப் பாண் சாப்பிட்டிருக்கிறார், கள்ளக் கிழவன். நான் பாவசங்கீர்த்தனம் வரைக்கும் போட்டு வந்தனான்!

நாளைக்கு முதலாம் ஆட்டத்திலையிருந்து திரும்பத் தொடங்குவமாம். ஆர் வெல்லுறது எண்டு அவர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

அழேல்லை… சரி, அழுறன், அதுக்கென்ன இப்ப? இந்தா, திரும்பிட்டுது. ரெண்டு ஸ்ரேசன். எழும்புங்கோ, பையிலை ஒரு காதை நீங்கள் பிடியுங்கோ. அறுபது கட்லட்டை நான் தனியத் தூக்கேலாது.