கயிற்றை இழுக்காதே

— மோட்டாரை நிறுத்து! அண்ணே, கேக்குதா? மோட்டாரை நிறுத்து!

— நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்! லாரிப் பக்கம் நின்னேன், உன் சத்தமே கேக்கல. மாரிட்! எங்க இருக்கே?

— வேற எங்க, குதிருக்குள்ளதான். ஏணியில ஏறி கூரைக் கதவு வழியா எட்டிப் பாரு. மெதுவா ஏறு, படியெல்லாம் ஐஸ்.

— வந்துட்டேன், இதோ வந்துட்... ஐயோ கடவுளே! இடுப்பு வரைக்கும் சோளத்துல புதைஞ்சிருக்கியே!

— தெரியுது. நானும் இங்கதான் இருக்கேன்.

— நீ உள்ள இறங்கினதே எனக்குத் தெரியாதே! எப்படி?

— ஈரத்தோட அறுத்தோம்ல அக்டோபர்ல, மேல பாறை மாதிரி கட்டி தட்டிப் போச்சு. கம்பியால குத்தி விடலாம்னு இறங்கினேன். அடியில மோட்டார் லாரிக்குச் சோளத்தை உறிஞ்சு உறிஞ்சு பொந்தாக்கி வச்சிருக்கு. மேல இருந்த கட்டி உடைஞ்சுது. நானும் கூடவே போயிட்டேன்.

— மோட்டார் ஓடும்போது உள்ள இறங்கலாமா? இத்தனை வயசுக்கு உனக்குத் தெரியாது?

— அயோவாவுல நடக்கப் பழகின குழந்தைக்கே தெரியும். ரெண்டு நிமிஷ வேலைன்னு நெனச்சுட்டேன். திட்டுறதை வெளிய வந்த பிறகு வச்சுக்க ராசா. இப்ப ஃபோனை எடு.

— முதல்ல கயிறு. கேளு, கேளு, கயித்தைப் பிக்கப் வண்டியில கட்டி...

— கயிறு வேணாம்.

— உன் கக்கத்துல மாட்டி ஒரே இழு...

— இழுக்காதேன்னு சொல்றேன்ல! சோளம் பிடிச்சா விடாது. இழுத்தா என் தோள்தான் கழண்டு வரும், நான் வரமாட்டேன். தீயணைப்புக்காரங்க சர்ச் ஹாலுக்கு வந்து பொம்மையை வச்சுக் காட்டினாங்களே. நீ பின்னாடி உக்காந்து கேக் தின்னுட்டு இருந்தே.

— சரி, சரி, அடிக்கிறேன்... லோவல்? லோவல், ஆர்டன் பேசுறேன். என் தங்கச்சி குதிருக்குள்ள சிக்கிட்டா. ஆமா, உயிரோடதான். பேசுறா, திட்டுறா. இடுப்பு வரைக்கும். நிறுத்திட்டேன். சரி. சரி... மாரிட், டயர் கடையை அப்படியே போட்டுட்டு தீயணைப்புக்கு ஆள் சேக்குறாராம். ரோட்டுல பனி. இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம்.

— அவ்வளவுதானே. மதியச் சாப்பாட்டுக்கு வெளிய வந்துடுவேன்.

— உன்னை அசையாம இருக்கச் சொன்னாரு. கையை நெஞ்சுக்குக் குறுக்க கட்டிக்கணுமாம்.

— கட்டியாச்சு. நீ என்ன பண்றே? ஏன் முகம் அப்படி வெளுத்திருக்கு?

— ஒண்ணுமில்ல.

— அண்ணே.

— நெஞ்சை அடைக்குது. இடது பக்கம். இல்ல, நடுவுல. கேளு, கேளு, இது அதுவா இருந்தா? ஏணி ஏறினேன்ல, ஒரே மூச்சுல ஏறிட்டேன்ல...

— கதவோரமா உக்காரு. விளிம்பைப் பிடிச்சுக்க.

— உக்காந்துட்டேன். இரு, ஒரு நிமிஷம்...

— அது என்ன சத்தம்? கர்ருன்னு?

— ஒண்ணுமில்ல.

— பிரஷர் மிஷினா? ஆர்டன்! நான் சோளத்துல புதைஞ்சு கிடக்கேன், நீ மேல உக்காந்து பிரஷர் பாக்குறியா?

— கோட்டுப் பையில இருந்துச்சு. பழக்கத்துல கை போயிடுச்சு. சிரிக்காதே! சிரிச்சா சோளம் இறங்கும்!

— எவ்வளவு?

— என்ன எவ்வளவு?

— கஷ்டப்பட்டுப் பாத்தேல்ல, சொல்லு.

— நூத்தி எழுபத்தொண்ணு. டாக்டர் நூத்தி முப்பதைத் தாண்டக் கூடாதுன்னாரு. மாரிட், நெஞ்சு ரத்தக்குழாய் இப்பவே வெடிச்சுதுன்னா? நான் இங்கேருந்து உள்ள விழுந்தா உன் தலை மேலதான் விழுவேன்.

— வெடிக்காது. என்னைப் பாரு. மிஷினைப் பாக்காதே, என்னைப் பாரு. நாலு எண்ணி மூச்சை இழு. ஆறு எண்ணி விடு. உதட்டைக் குவிச்சு, காப்பி ஆத்துற மாதிரி.

— உன்னை நான் தேத்தணும்டி. நீ என்னைத் தேத்துறே.

— நாலு எண்ணு. ம். ஆறு. இப்ப கையில என்ன படுதுன்னு சொல்லு.

— இரும்பு. கதவு விளிம்பு. ஜில்லுன்னு இருக்கு.

— வேற?

— துரு. சோளத் தூசி. ஒரு போல்ட்டு லூஸா இருக்கு.

— அதை அப்புறம் முடுக்கலாம். நெஞ்சு எப்படி இருக்கு?

— கொஞ்சம் விட்டிருக்கு. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?

— எங்கேயோ படிச்சேன். பல் டாக்டர் ஆபீஸ்ல இருந்த பழைய பத்திரிகையில.

— பயம் எனக்கு இப்படித்தான் வரும். சும்மா தட்டு கழுவிக்கிட்டு இருப்பேன், திடீர்னு நெஞ்சுக்குள்ள யாரோ கையை விட்டுப் பிசையற மாதிரி இருக்கும். எது பயம், எது நெசமாவே குழாய் கிழியறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டும் ஒரே இடத்துலதான்.

— கண்டுபிடிக்க முடியாதுதான்.

— மூணு வருஷமாச்சு. இதயத்துலேருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் வீங்கி நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். வர்ற வியாழக்கிழமை திரும்பவும் ஸ்கேன். அறுக்கிற அளவுக்குப் பெரிசும் இல்லையாம், மறந்துட்டுப் போற அளவுக்குச் சிறிசும் இல்லையாம். பாத்துக்கிட்டே இருப்போம்ங்கிறாங்க. அவங்களுக்கென்ன, வருஷத்துல ரெண்டு நாள் பாக்குறாங்க. மிச்ச நாளெல்லாம் பாக்குறது நான்தானே?

— தும்மல் வந்தாகூட மூக்கைப் பிடிச்சு முழுங்கிடறே. சர்ச்ல பாடுறதை விட்டுட்டே.

— மேல் ஸ்தாயில போனா குழாய் தாங்காதுன்னு தோணுது.

— நீ மேல் ஸ்தாயில போனா எங்க காதுதான் தாங்காது.

— கிண்டல் பண்ணு. ஜானெல் கல்யாணத்துக்கே நான் போகலையே! ஒரே மக. ஆரிகனுக்கு விமானத்துல போகலாம்னு டாக்டரே சொன்னாரு. நான் மேப்பை விரிச்சு, நெஞ்சு அறுவை பண்ற ஆஸ்பத்திரியைச் சுத்தி வட்டம் போட்டு வச்சிருக்கேன். நாப்பது நிமிஷ தூரம். அதைத் தாண்ட மாட்டேன். என் இடத்துல என் மகளைக் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போனது நீ.

— அழகா இருந்தா. உன்னைத்தான் தேடினா.

— சொல்லாதே... மாரிட்? என்ன ஆச்சு? ஏன் அப்படி முழிக்கிறே?

— அசையாதே. மேற்குப் பக்கச் சுவரைப் பாரு. அந்தக் கட்டி.

— கடவுளே. உன் தலைக்கு மேல நிக்குதே.

— கொஞ்சம் கொஞ்சமா உதிருது. பேசாம இரு.

— மாரிட்...

— உஷ்.

— விழுது! மாரிட்! மாரிட்! பதில் சொல்லு! தூசில ஒண்ணும் தெரியல!

— இருக்கேன்... இருக்கேன். கொஞ்சம்தான் விழுந்துச்சு.

— கொஞ்சமா? மார்பு வரைக்கும் வந்துடுச்சே!

— ம். மூச்சை விட்டா... சோளம் இறுக்குது. திரும்ப இழுக்க... இடம் குறையுது.

— நான் இறங்குறேன்.

— மாட்டே.

— கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்குறேன். கையாலயே தோண்டி எடுத்துடுவேன்.

— நீ ஒரு அடி வச்சா... மிச்சச் சோளச் சுவர் என் மேல இறங்கும். அப்புறம் ரெண்டு பேரையும்... ஸ்ட்ராவால உறிஞ்சித்தான் எடுக்கணும்.

— அதுக்காகவா தடுக்குறே? பொய் சொல்லாதே. என் நெஞ்சுக்காகத்தான். முப்பது பவுண்டுக்கு மேல தூக்காதேன்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து என்னை ஒரு விதைமூட்டை தொட விட்டிருக்கியா? எல்லாம் நீதான் தூக்குனே. இன்னிக்கு இந்தக் கட்டியை உடைச்சிருக்க வேண்டியதும் நான்தான். இது என் வேலை. எனக்குப் பதிலா நீ உள்ள நிக்கிறே!

— கத்தாதே. பிரஷர்.

— போகட்டும் பிரஷர்! உனக்கு என்ன தெரியும்? ராத்திரி படுத்தா காதுக்குள்ள இதயம் அடிக்கிறது கேட்டிருக்கியா? அப்பா அறுபத்தொரு வயசுல டிராக்டர் ஷெட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. எனக்கு இப்ப அறுபது. உனக்கென்ன, நீ எருமை மாதிரி திடமா இருக்கே. உனக்கு இது புரியாது.

— சரி.

— என்ன சரி?

— புரியாதுதான். சரி ராசா... சண்டை வேணாம். உன் குரல்... எனக்குத் தெம்பா இருக்கு. பேசிக்கிட்டே இரு.

— மன்னிச்சுடு. மாரிட், மன்னிச்சுடு. வாய்க்கு வந்ததைச்... இரு, ஃபோன். லோவல்தான். ஸ்பீக்கர்ல போடுறேன். லோவல், சொல்லுங்க, அவளுக்கும் கேக்கும்!

— ஆர்டன், பாலத்துக்கிட்ட வந்துட்டோம். ஏழு நிமிஷம். இப்ப எதுவரைக்கும் இருக்கு?

— மார்புக்கு மேல! கட்டி சரிஞ்சுடுச்சு!

— அடடா. இங்க பாரு, ஆளைச் சுத்தி இறக்கி சோளத்தைத் தடுக்கிற தகடெல்லாம் பக்கத்து ஊர் வண்டியில வருது. அது வர இன்னும் அரைமணி ஆகும். வழக்கமா நாங்க ஆளை இழுக்க மாட்டோம். ஆனா கழுத்துக்கு வந்துட்டா காத்திருக்க முடியாது. கக்கத்துல பட்டை மாட்டி, கூரையிலேருந்து நாலு பேரா இழுத்துப் பாத்துடலாம். தோள் போனாலும் பரவால்ல, ஆள் மிஞ்சணும்.

— இழுங்க! அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்! அஞ்சாவது ஆளா நானும் பிடிக்கிறேன்.

— வேணாம், லோவல்.

— மாரிட், லோவல் சொல்றேன், தைரியமா இரு. வலிக்கும்தான், ஆனா...

— இழுக்க... வேணாம். தகடு வரட்டும். தோண்டி எடுங்க.

— அவ பேச்சைக் கேக்காதீங்க லோவல், எனக்காகப் பாக்குறா! மூணு வருஷமா இதே கதைதான்!

— ஆர்டன், கொஞ்சம் சும்மா இரு. ஆம்புலன்ஸ்காரங்க கேக்குறாங்க. மாரிட்டுக்கு ஏதாவது வியாதி இருக்கா? மருந்து மாத்திரை?

— ஒண்ணும் கிடையாது. ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போட மாட்டா.

— லோவல்... எழுதிக்கச் சொல்லு. பிரஷர் மாத்திரை, காலையில ஒண்ணு... ராத்திரி ஒண்ணு.

— என்னது? மாரிட், அது என்னோட மாத்திரை. குழப்பிக்கிறே. லோவல், அவளுக்கு மூச்சு பத்தல, குழம்பிப் போய்ப் பேசுறா!

— குழம்பல. ஹெலிகாப்டர் வரச் சொல்லு, லோவல். பனி விட்டா. நெஞ்சு டாக்டரை... தயாரா இருக்கச் சொல்லு. மார்ச் ஒம்பதுக்கு நாள் குறிச்சவரு... அவரே போதும்.

— என்ன நாள்? மாரிட், என்ன நாள்?

— மிஷினைக் கீழ வை அண்ணே. விளிம்பைப் பிடிச்சுக்க. கூடப் பொறந்தவங்களையும் ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்னு... உன் டாக்டர் சொன்னாருல்ல.

— நீ போய்ப் பாத்தே. ஒண்ணுமில்லன்னு சொன்னே. நாம ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்!

— ஒரு வீட்டுல ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு உக்காந்தா... சோளத்தை யாரு அறுக்கிறது? உனக்கு நாலு புள்ளி ஆறு, அண்ணே. எனக்கு அஞ்சு புள்ளி மூணு.